ஆறு லீற்றர்ப் பெட்டி

நெல்லியடியில் அருளம்பலத்தின் கடையில் குளிர்ப்பெட்டி மூன்று அளவில் இருந்தது. மூன்று லீற்றர், ஆறு லீற்றர், பன்னிரண்டு லீற்றர். குணலட்சுமி மூன்றையும் தட்டிலிருந்து இறக்குவித்து, நிலத்தில் வரிசையாக வைத்து, முன்னால் குந்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலையும் மூடி போட்ட டப்பா ஒன்றையும் எடுத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிறுத்திப் பார்த்தாள், படுக்கவைத்துப் பார்த்தாள், மூடியைச் சாத்திக் குலுக்கியும் பார்த்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனுசி இவ்வளவு பார்க்கவில்லை.

"சோடாவுக்கோ அக்கா, இல்லை பியருக்கோ?" என்று கேட்டார் அருளம்பலம்.

"தண்ணிக்கு."

"தண்ணிக்கு மட்டுமோ?"

"பிள்ளைக்குக் கலியாணம் தம்பி. வீடு வீடாச் சொல்லப் போறம். வெயிலெல்லே."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கால்வாசிதான் உண்மை. மிச்ச முக்கால்வாசியை ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் எட்டு மாதமாக அவள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அவளுடைய புருசன் நடராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இடையில் உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது. முதலில் காலில் இறங்கும், பிறகு நெஞ்சுக்குள் ஏறும். ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிலீற்றர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்று நேர்ஸ் பிள்ளை சொல்லிவிட்டாள். பாலும் நல்லெண்ணெயும் அளக்கிற ஒரு போத்தல் கணக்கு. அதற்குள்தான் காலைத் தேத்தண்ணி, அதற்குள்தான் குளிசை விழுங்குகிற தண்ணீர், சொதியும் அதற்குள்தான். அறுபத்திரண்டு வயது வரைக்கும் வெங்காயத் தோட்டத்தில் நின்று செம்பு செம்பாகக் குடித்த மனிதனுக்கு ஒரு போத்தல்!

தாகம் தாங்காவிட்டால் சின்ன ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கச் சொன்னதும் அந்த நேர்ஸ் பிள்ளைதான். ஒரு கட்டி கரைய ஐந்து நிமிடம் எடுக்கும். ஒரு ரம்ளர் தண்ணீர் குடித்த ஆறுதலைத் தரும். ஆனால் கட்டியும் தண்ணீர்தான், அதையும் எண்ணிக்கொள்ளுங்கோ என்று சொல்லியிருந்தாள். வெளியே போகிற நாளில் அந்தக் கட்டிகள் கட்டிகளாகவே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

மூன்று லீற்றர்ப் பெட்டி அவளுடைய பெரிய கைப்பைக்குள் அடங்கியது. கொண்டுபோவது ஒரு குருவிக்கும் தெரியாது. குணலட்சுமிக்கு அதிலேதான் மனம். ஆனால் அருளம்பலம் நேர்மையான வியாபாரி, பாழ்பட்ட நேர்மை.

"அக்கா, உதை எடாதேங்கோ. பெட்டி சின்னனெண்டா குளிர் கெதியாப் போயிடும். ரண்டு மணித்தியாலம் நிண்டால் பெரிய காரியம். ஐஸ் அரைவாசி, சாமான் அரைவாசி எண்டு வைக்க இடம் வேணும். ஆறு லீற்றரை எடுங்கோ, பின்னேரம் மட்டுக்கும் கல்லு மாதிரி நிக்கும். பன்ரண்டு லீற்றர் உங்களுக்குத் தேவையில்லை, மீன் யாவாரத்துக்குப் போற மாதிரி இருக்கும்."

அவள் யோசித்தாள். காலையில் கரவெட்டியில் வெளிக்கிட்டால் கீரிமலைக்குப் போய்த் திரும்பப் பொழுது சாயும். ஐஸ் இடையில் கரைந்தால் அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிடுவார். அவரை அவளுக்குத் தெரியாதா? ஆறு லீற்றரையே எடுத்தாள். பார்த்தால் பளிச்சென்ற நீலம், வெள்ளை மூடி, தூக்கப் பிடி. தெருவின் அந்தத் தொங்கலில் நின்றாலும் தெரியும். அங்கேதான் பிசகியது.

ஏன் இந்த ஒளிப்பு என்று கேட்பீர்கள். மகள் கஜந்தினிக்கு முப்பத்துமூன்று வயது. முதல் சம்பந்தம் பொருத்தத்தில் போனது. இரண்டாவது, எல்லாம் சரிவந்து நாள் பார்க்கிற நேரம் மாப்பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற உறவுக்காரி வழியாக நடராசாவின் வருத்தத்தைக் கேள்விப்பட்டு, "உது பரம்பரை வருத்தமோ?" என்று ஒரு கேள்வி கேட்டாள், அதோடு போனது. மூன்று மாதத்துக்கு முன்னர், மூன்றாவதாகக் கலியாணத் தரகர் நமசிவாயம் வந்து, "வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டபோது, குணலட்சுமி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "காய்ச்சல்கூட வராத ஆள்" என்றாள். காய்ச்சல்கூட வராத ஆள் அப்போது உள்ளறையில், ஆஸ்பத்திரியால் வந்த களையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

திங்களும் வியாழனும் எங்கே போகிறீர்கள் என்று கேட்ட அயலுக்குக் காணி வழக்கு என்று சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் காணி வழக்கென்றால் மேலே ஒருவரும் துருவ மாட்டார்கள். தங்களுடைய வழக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது கலியாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவரக் கூடாது. கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பிறகு யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிக்கிட்டார்கள். ஓட்டோ அயல்வீட்டுச் சிவகரனுடையது. நாற்பது தாண்டிய, நல்ல உபகாரி. "அண்ணைக்கு வயித்துக் கோளாறு, கொதிச்சாறின தண்ணிதான் குடிக்கிறவர்" என்று அவனுக்குச் சொல்லிவைத்திருந்தாள். பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் நிரப்பி உறையவைத்த இரண்டு போத்தல்கள். உப்பென்றால் அவர் களவாகவும் குடிக்கமாட்டார். அவற்றுக்கு நடுவில் பதினைந்து ஐஸ்கட்டி போட்ட டப்பாவும், ஐந்து வாய்த் தண்ணீர் கொண்ட சின்னப் போத்தலும். அன்றைக்கு அவருடைய பங்கு அவ்வளவுதான்.

வியாழனுக்கும் திங்களுக்கும் இடையில் மற்றப் பக்கத்தைவிட ஒரு நாள் கூடுதல். அந்த நீண்ட இடைவெளியின் கடைசி நாள் ஞாயிறு. காலையிலேயே செருப்பு வார் அவருடைய காலில் பதிந்து கிடந்தது. அவள் கண்டாள். காணாதமாதிரி ஏறி இருந்தாள்.

கலியாணம் சொல்லப் போன வீட்டில் வாய் நனைக்காமல் எழும்பக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த முறை. ஒரு வீட்டில் தேத்தண்ணி, ஒரு வீட்டில் தேசிக்காய்த் தண்ணி, ஒரு வீட்டில் சோடா. நடராசா ரம்ளரைத் தூக்கி உதட்டில் முட்டுவார், தொண்டையை அசைப்பார், கீழே வைப்பார். வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டத்தைப் பார்க்கக் குனிகிற நேரத்தில் குணலட்சுமி தன் வெறும் ரம்ளரை அவர் பக்கம் தள்ளி, அவருடையதைத் தான் எடுத்து மடமடவென்று குடித்துவிடுவாள். நாலாவது வீடு முடிந்தபோது அவளுடைய வயிற்றுக்குள் எட்டுப்பேர் குடித்தது கிடந்து குலுங்கியது. அவருடைய வாயோ காய்ந்து வெடித்திருந்தது.

"குணம், நீ குடிக்கிற சத்தம் கேக்கத்தான் எனக்கு இன்னும் கூடத் தாகமாக் கிடக்கு" என்றார் ஓட்டோவில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

கீரிமலையில் ஒரே ஒரு வீடு. மாப்பிள்ளையின் பெரியம்மா பராசக்தி. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். அவளிடம் பெண்ணின் தாய்தகப்பன் நேரில் வந்து, வெற்றிலை வைத்துச் சொல்லவேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தான். மற்ற வீடுகளை விட்டாலும் இதை விடமுடியாது.

மதியம் ஒரு மணி. பராசக்தி படலையடிக்கே வந்து இரண்டு கையாலும் கூட்டிக்கொண்டு போனாள். எழுபது வயது, ஒட்டி உலர்ந்த உடம்பு, வாய் மூடாத கதை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு இருபத்தேழு வருடம் முகாமில் கிடந்துவிட்டு, ஆமி காணியை விட்ட பிறகு திரும்பி வந்து, பற்றையை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, தென்னம்பிள்ளை வைத்த கதையை வாசலுக்கும் கதிரைக்கும் இடையில் சொல்லி முடித்துவிட்டாள்.

"இருங்கோ, தண்ணி கொண்டு வாறன். என்ரை கிணத்துத் தண்ணி. இந்தப் பக்கமெல்லாம் உவர், எனக்கு மட்டும் கடவுள் நல்ல ஊத்தைக் காட்டினவர்."

அவள் குசினிக்குள் போனதும் சிவகரன் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே விறாந்தைக்குள் வந்தான். "அக்கா, வெளியிலை வெயில் கொளுத்துது, கரைஞ்சிடும்" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில், மேசையின் நடுவில் வைத்தான். வைத்ததோடு விட்டானா? மூடியைத் திறந்து போத்தலை எடுத்து, "இந்தாங்கோ அண்ணை, உங்கடை தண்ணி" என்று நீட்டினான்.

குணலட்சுமி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நடராசா அவளைப் பார்க்கவில்லை. போத்தலில் கடைசி வாய்த் தண்ணீர் இருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார். மூடியைக் கழற்றி, தலையை நிமிர்த்தி, குடித்தார். நிமிர்ந்த தலை கீழே இறங்குமுன், இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப ரம்ளரோடு பராசக்தி நிலைப்படியில் நின்றாள்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஓடிய கதை நின்றுபோனது.

"வீட்டிலை இருந்தே கொண்டு வந்திட்டியளோ?" என்றாள்.

"ஐயோ அக்கா, இவருக்கு வயித்துக் கோளாறு. கொதிச்சாறின தண்ணி..." என்று இழுத்தாள் குணலட்சுமி.

"அதைத்தான் எல்லாரும் சொல்லுறவை." பராசக்தியின் குரல் உயரவில்லை. "முகாமுக்கு வருவினம். நல்ல சனம், கதிரையிலை இருப்பினம், சிரிப்பினம், பிள்ளையளைத் தடவுவினம். கையிலை சோடாப் போத்தல் இருக்கும். தேத்தண்ணி எண்டு கேட்டால் வயித்துக் கோளாறு. பக்கத்து வளவுக் கிணத்திலை எங்களை அள்ளவும் விடாயினம், எங்கடை பாத்திரத்திலை வாய் வைக்கவும் மாட்டினம். இருவத்தேழு வருசம் தங்கச்சி. எத்தினை பேற்றை வயித்துக் கோளாறைப் பாத்திருப்பன் நான்!"

"அப்பிடியில்லை அக்கா, சத்தியமா..."

"நீங்கள் பெட்டியே வாங்கிப்போட்டியள். அவ்வளவு அருவருப்பு." ரம்ளர்களை மேசையில் வைத்தாள். வெற்றிலைத் தட்டத்தை ஒரு சாண் அவர்கள் பக்கமாகத் தள்ளிவிட்டாள். "என்ரை வீட்டிலை வாய் நனையாத ஆக்களின்ரை வீட்டிலை என்ரை பிள்ளை சோறு தின்ன மாட்டான். நான் சொன்னாக் கேப்பான்."

கேட்பான், அவன் கேட்பான் என்பது குணலட்சுமிக்கும் தெரியும். அக்கா, இவருக்குக் கிட்னி இல்லை, இது சாதியில்லை, வருத்தம். இவ்வளவுதான் சொல்லவேண்டும், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இந்த மனுசி கோபத்தை விட்டுவிடுவாள். பிறகு ஆறுதலாக இருந்து, பரம்பரை வருத்தமோ என்று கேட்பாள். ஏன் மூன்று மாதமாக ஒளித்தீர்கள் என்றும் கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கஜந்தினியின் கலியாணத்தில்தான் போய் முட்டியது.

அவள் வாயைத் திறக்குமுன் நடராசா சிரித்தார்.

"என்னக்கா கதை இது? உந்தத் தண்ணியைத் தாங்கோ இஞ்சாலை."

எடுத்தார். எவர்சில்வர் ரம்ளர், அரைப் போத்தலுக்குக் குறையாமல் பிடிக்கும். உதட்டில் முட்டிவிட்டு வைக்கவில்லை. இந்த முறை தொண்டை உண்மையாகவே ஏறி இறங்கியது. குணலட்சுமி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதன் வயிறாரக் குடிக்கிறார். கண்ணை மூடிக் குடித்தார். ஐயோ, அந்த முகத்தில் என்ன சந்தோசம்! அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு ரம்ளர்தானே, நாளைக்குத் திங்கள்தானே, காலமை ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அமிர்தம் அக்கா" என்று சொல்லி, வெறும் ரம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "வயித்துக் கோளாறு உண்மைதான். ஆனா உங்கடை தண்ணி குடிக்காமல் போறதுக்கு எனக்கென்ன விசரோ?"

பராசக்தியின் முகம் உடைந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நான்தான் விசரி தம்பி. குறை நினையாதேங்கோ. அந்த நாளையிலை பட்டது போகுதில்லை." தட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். பிறகு திடீரென்று எழும்பினாள். "நில்லுங்கோ, நில்லுங்கோ. நான் வைச்ச தென்னை முதல் குலை தள்ளியிருக்கு. ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருந்தனான். தம்பிக்கு இளநி வெட்டுறன்."

இளநீர். மற்றதெல்லாம் அளவோடு, இளநீர் மட்டும் அடியோடு கூடாது என்று நேர்ஸ் பிள்ளை முதல் நாளே சொன்னது. அதில் உள்ள பொட்டாசியம் என்கிற உப்பு இந்த நோயாளியின் இருதயத்தை அப்படியே நிறுத்திவிடும் என்று, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னது.

"அக்கா!" குணலட்சுமி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

கத்தியோடு திரும்பிய பராசக்தி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பழைய சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டே இருந்தது. "என்ன தங்கச்சி? இவருக்கு இளநியும் ஒத்துக்கொள்ளாதோ?"

"இல்லை அக்கா" என்றாள் குணலட்சுமி. "இவருக்கு இளநி எண்டா சரியான விருப்பம்."

அந்தச் சொல் எப்படி அந்த வாயால் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வந்துவிட்டது. நடராசா அவளை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயமும் இல்லை. நீயும் நானும் இதில் ஒன்றுதான் என்கிற மாதிரித் தலையை மெல்ல ஆட்டினார். வெட்டிவந்த இளநீரை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

போகும்போது பராசக்தி நீலப் பெட்டிக்குள் இன்னும் இரண்டு இளநீரைத் திணித்து, மூடி சாத்தாமல் திறந்தபடியே ஓட்டோவில் ஏற்றிவிட்டாள்.

காங்கேசன்துறை தாண்டுமட்டும் நடராசா நல்ல உற்சாகம். "இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. அந்த மனிசி தலையிலை வைச்சுக் கொண்டாடும் பார்" என்றார். அச்சுவேலிப் பக்கம் வர, கதை குறைந்தது. கால்களைத் தூக்கி முன்கம்பியில் வைத்தார். பிறகு சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். பிறகு மூச்சை வாயால் எடுக்கத் தொடங்கினார். குணலட்சுமி அவருடைய கணுக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு விடு."

"வேண்டாம்" என்றார் நடராசா. "நாளைக்குப் போறதுதானே... இண்டைக்குப் போனா ஏன் போனது எண்டு ஊர் கேக்கும். ஒன்பது நாள் குணம்."

"வாயை மூடுங்கோ!" முப்பத்தைந்து வருடத்தில் அவரைப் பார்த்து அவள் சத்தம் போட்டது அதுதான் முதல். "தம்பி, இவர் சொல்லுறதைக் கேளாதை. கெதியா விடு. இவருக்கு வயித்துக் கோளாறில்லை, கிட்னியடா, கிட்னி!"

ஓட்டோ நெல்லியடிப் பாதையை விட்டுத் திரும்பிப் பறந்தது. பெட்டிக்குள் இளநீர் இரண்டும் உருண்டு உருண்டு முட்டின. சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது அந்தச் சொல்! ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் ஏன் வரவில்லை?

மூன்று மணிக்கு அவரைத் தள்ளுவண்டியில் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முகத்தில் ஒட்சிசன் மூடி, உதடு நீலம் பாரித்திருந்தது. இருதயத்தின் கோடு சரியில்லை என்று ஒரு டொக்டர் இன்னொருவருக்குச் சொன்னது அவளுக்குக் கேட்டது. என்ன குடித்தவர் என்று கேட்டார்கள், சொன்னாள். கேட்ட டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். அவள் வெளியே சுவரோரத்து வாங்கில் குந்தியிருந்தாள். சிவகரன் எங்கே நின்றானோ தெரியாது.

மடியில் போன் அடித்தது. கஜந்தினி.

"அம்மா, எங்கை நிக்கிறியள்? இப்பதான் கீரிமலைப் பெரியம்மா எடுத்தவ. ஒரே சந்தோசம். உன்ரை அப்பா மாதிரி ஒரு மனுசனை நான் காணேல்லை, எங்கடை வீட்டிலை வயிறு நிறையக் குடிச்சவர் எண்டு அழுறா. நான் அவர் குடிக்கமாட்டாரே எண்டு நினைச்சுக்கொண்டு சும்மா ஓம் ஓம் எண்டன்." பிள்ளையின் குரல் தடுமாறியது. "அம்மா, அவர் இளநியும் குடிச்சவர் எண்டு சொல்லுறா. அப்பாக்கு இளநி எண்டா சரியான விருப்பம் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்களாம். அவ ஆரையோ மாறிச் சொல்லுறா என்னம்மா? நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டியள்தானே?"

உனக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பிள்ளை அதைச் சாகும்வரைக்கும் சுமக்கும்.

"நான்தான் பிள்ளை சொன்னனான்" என்றாள் குணலட்சுமி. "நீ கெதியா வெளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா."